என் பெயர் வைத்த கூனி

மார்ச் 4

காலையில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. இருந்த ஒரு குடத்தை மகளும் நானும் பங்கு போட்டுக்கொண்டோம். அவள் முகம் கழுவினாள், நான் பாத்திரம் கழுவினேன். எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்றபடி, "இன்னும் எத்தனை நாளைக்கும்மா இந்தக் கூத்து?" என்றாள், என்னமோ நான்தான் வால்வை மூடி வைத்திருக்கிற மாதிரி.

ஆய்வுக்கூடத்தில் இயக்குநர் அறையில் ஒரு புது ஆள். குழாய் இன்ஜினியராம். மேட்டு ஊற்றிலிருந்து எங்கள் தெருக்களுக்குத் தண்ணீர் கொண்டுவரப் போகிறவர். வேலை ஓரிடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த ஊற்றில் மட்டும் வாழும் ஒரு வகைக் கூனி, இறால் மாதிரி ஒரு சின்னப் பிராணி, பாதுகாக்க வேண்டிய உயிர்கள் பட்டியலில் இருக்கிறது. அது நிஜமாகவே தனி இனமா, இன்னும் அங்கே இருக்கிறதா என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும்.

"இவங்களை விட்டா கூனி தெரிஞ்ச ஆள் இங்க கிடையாது," என்றார் இயக்குநர். சொல்லிவிட்டு மேசையையே பார்த்தார்.

ஏன் மேசையைப் பார்த்தார் என்று இன்ஜினியருக்குத் தெரியாது. அந்தப் பிராணிக்கு வைத்திருப்பது என் பெயர்.

மார்ச் 5

இன்ஜினியருக்கு இன்று பாடம் எடுத்தேன். ஆம்பிபாட் என்றால் வாயில் நுழையவில்லை அவருக்கு. "கூனின்னே சொல்லுங்க, நாங்களும் அப்படித்தான் சொல்றோம்" என்றேன். இறாலுக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை. நகத்தளவு உடம்பு, வளைந்த முதுகு, ஒருக்களித்துப் படுத்தபடியே நீந்தும். ஊற்றிலும் ஓடையிலும் விழுந்து ஊறின இலையைத் தின்று வாழும்.

"அப்ப பூச்சிதானே மேடம்?"

"பூச்சி இல்லைங்க."

"சரி, பூச்சி இல்லை. மத்த கூனிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

கடைசி வால்காலைக் காட்டினேன். அந்தக் கால் இரண்டு கிளையாகப் பிரியும். எல்லா ஓடையிலும் கிடைக்கிற சாதாரணக் கூனிக்கு உள்கிளை ஏறத்தாழ வெளிக்கிளை அளவுக்கு நீளமாக இருக்கும். இந்த ஊற்றுக் கூனிக்குப் பாதிதான். அவ்வளவுதான் வித்தியாசம். "இதுக்கா மூணு தெருவுக்குத் தண்ணி நிக்குது?" என்று கேட்கவில்லை அவர். கேட்டிருக்கலாம்.

பெயரைப் பற்றியும் கேட்கவில்லை. லத்தீன் வால் ஒட்டி எழுதினால் என் பெயர் என்று யாருக்கும் தெரியாது. கல்யாணமான முதல் வருஷம் நானும் கணவரும் அந்த ஊற்றுக்குப் போனோம். நான் வழுக்கி, வலையோடு தண்ணீரில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்து பார்த்தால் வலையில் இந்தக் கூனி. அவர் அதை வரைந்தார், அளந்தார், புது இனம் என்று எழுதினார், என் பெயரை வைத்தார். "நகை போட வக்கில்லாதவன் கூனி போட்டிருக்கான்" என்று அண்ணன் வீடு வீடாகச் சொல்லிச் சிரித்தான்.

பிரிந்து ஆறு வருஷம். வீட்டுக்குள் அவரை "முன்னவர்" என்போம். மகள் வைத்த பெயர்.

மார்ச் 9

ஊற்றுக்குப் போய்வந்தேன். பாறை இடுக்கில் கசிகிற மேல் கசிவு, அதற்குக் கீழே ஒரு குட்டை, அதிலிருந்து வழியும் ஓடை. மூன்று இடத்திலும் இலைக்குப்பையை அள்ளி வெள்ளைத் தட்டில் கொட்டினேன். கூனிகள் சிதறி ஓடின. இடத்துக்கு ஒரு போத்தல். தண்ணீர் எலும்புவரை குளிர்ந்தது. இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தேன். எங்கள் தெருவுக்கு இது வந்தால் எப்படி இருக்கும்! வர வேண்டும் என்றுதான் நினைத்தேன். மனதார.

மார்ச் 12

நாள் முழுக்க வால்கால். குட்டைக் கிளையுள்ளவை நிறைய இருக்கின்றன. ஆனால் அத்தனையும் சின்ன உடம்பு.

கூனிக்கு ஒவ்வொரு தடவை சட்டை உரிக்கும்போதும் உள்கிளை கொஞ்சம் கொஞ்சமாக நீளும். அப்படியானால் இவை தனி இனமே இல்லை, சாதாரணக் கூனியின் பிள்ளைகள். வளர்ந்தால் தானே நீண்டுவிடும். கல்யாணப் பரிசு என்று எனக்குக் கிடைத்தது யாரோ பெற்ற பச்சைக்குழந்தையின் கால்!

சிரித்தேன். பக்கத்து மேசைக்காரி, மரபணுப் பிரிவில் இருப்பவள், நிமிர்ந்து பார்த்தாள்.

மார்ச் 13

ஏன் சிரித்தேன்?

மார்ச் 17

போச்சு. கசிவுப் போத்தலில் ஒரு பெண். சின்ன உடம்பு, குட்டைக் கிளை, வயிற்றுப் பையில் முட்டை. முட்டை சுமக்கிறவள் எப்படிப் பிள்ளையாவாள்? வயசுக்கு வந்தவள். அப்படியென்றால் அவர் சொன்னது சரி, இது தனி இனம்தான்.

மத்தியானம் கீழ்க் குட்டையில் எடுத்த போத்தலைத் திறந்தேன். அங்கே பெரிய ஆண் ஒன்று. ஒரு பக்கத்துக் கிளை நீளம், மறுபக்கம் குட்டை. ஒரே உடம்பில்! இதை நான் எந்தக் கணக்கில் சேர்ப்பது?

மார்ச் 18

சாப்பிடும்போது மகளிடம் புலம்பினேன் போலிருக்கிறது. அவள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "அப்பாகிட்ட கேளேன்" என்றாள்.

"எதுக்கு?"

"அவர்தானே பேர் வெச்சது. உனக்குத் தெரியலன்னா அவருக்குத் தெரியும்ல."

"எனக்குத் தெரியலன்னு யார் சொன்னா?"

"நீதான். இப்பதான். ரெண்டு தடவை சொன்ன."

மார்ச் 20

கூப்பிட்டேன். முன்னவரைத்தான், போனில். சேர்ந்து வாழ்ந்தபோது "நீ, வா, போ" தான். பிரிந்ததும் எப்படியோ "நீங்க" வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த மரியாதையை எங்கே கற்றேன் என்றே தெரியவில்லை. ஊற்றில் வேலை நடக்கிறது, உங்கள் கூனியை மறுபடி பார்க்கிறோம் என்றேன். "என் கூனியா? உன் கூனின்னு நினைச்சேன்" என்றார். பிறகு, "முடிவு எதுவானாலும் எழுது. எனக்காகப் பாக்காத" என்றார்.

பெரிய மனசா? இல்லை, 'நீ எனக்கு எதிராகத்தான் எழுதுவாய், தெரியும்' என்று அர்த்தமா? ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு இப்படி மண்டையை உடைத்துக்கொள்கிறேன். கூனியே தேவலை.

மார்ச் 26

உயிரோடு கொண்டுவந்த கூனிகளைக் கண்ணாடித் தொட்டியில் விட்டிருந்தேன். ஆண் கூனி, பெண் சட்டை உரிக்கும்வரை அவளை வயிற்றோடு அணைத்துச் சுமந்துகொண்டே திரியும். இன்று பார்த்தால், நீளக் கிளையுள்ள ஆண், குட்டைக் கிளையுள்ள பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகிறது. ஜோடி சேர்கிறதென்றால் ஒரே இனம்தானே என்று துள்ளினேன்.

பக்கத்து மேசைக்காரி தண்ணீர் ஊற்றி அணைத்தாள். "அக்கா, ஆம்பளைக் கூனி எதைத்தான் தூக்காது? தப்பான இனத்தையும் தூக்கிக்கிட்டு நாள்கணக்கா அலையும். அப்புறம் விட்டுரும்."

உண்மைதான். அதை எனக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. ஆனாலும் ஏன் துள்ளினேன்? ஒரே இனமாக இருந்தால் பெயர் போய்விடும். ஊற்றுக்குத் தடை போய்விடும். குழாயில் தண்ணீர் வரும். அதனாலா? அல்லது பெயர் போவது மட்டும் போதுமா எனக்கு? தெரியல. சத்தியமா தெரியல.

ஏப்ரல் 3

அந்த அணைப்பு விட்டுப்போய்விட்டது. ஆண் வேறொருத்தியைச் சுமந்துகொண்டிருக்கிறது.

டீ குடிக்கப் போனபோது உள்ளே பேச்சு. நான் கதவுக்கு இந்தப் பக்கம். "அந்தம்மா இல்லைன்னுதான் எழுதும் பாரு. டைவர்ஸ் ஆனவரு கண்டுபிடிச்சத விட்டுவைப்பாங்களா?" இன்னொரு குரல்: "சும்மா இரு. தன் பேரு அழியறதுக்கு யார் கையெழுத்துப் போடுவா? இருக்குன்னுதான் எழுதும்."

டீ குடிக்காமல் திரும்பினேன். இருக்கு என்றால் பெருமைக்கு அலைகிறவள். இல்லை என்றால் வஞ்சம் தீர்க்கிறவள். கூனி மட்டும் எந்தப் பக்கமும் சாயாமல் ஒருக்களித்துப் படுத்துக் கிடக்கிறது.

பக்கத்து மேசைக்காரியிடம், ஒவ்வொரு போத்தலிலிருந்தும் எடுத்து மரபணு பார்க்கச் சொல்லிவிட்டேன். கிளை நீளத்தை அவளிடம் சொல்லவில்லை. எண் மட்டும்.

ஏப்ரல் 15

முடிவு வந்தது. "அக்கா, ரெண்டு கூட்டம். சுத்தமாப் பிரியுது. ரெண்டு இனம்தான்" என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஆக, அவர் சரி.

எண்களைக் கிளை நீளத்தோடு பொருத்திப் பார்த்தேன். முதல் கூட்டத்தில் குட்டைக் கிளையும் இருக்கிறது, நீளக் கிளையும் இருக்கிறது. இரண்டாவது கூட்டத்திலும் அதே கதை.

மறுபடி பொருத்தினேன். அதேதான்.

ஏப்ரல் 16

இரண்டு இனம் இருக்கிறது. ஆனால் அவர் பிரித்த மாதிரி இல்லை. அப்படியென்றால் என் பெயர் எந்தக் கூட்டத்துக்கு?

ஏப்ரல் 18

இன்ஜினியர் வந்தார். "மேடம், ஒரே வார்த்தை. இருக்கா, இல்லையா?" நான் விளக்க விளக்க அவர் முகம் தூசி படிந்த ஜன்னல் மாதிரி ஆகிக்கொண்டே போனது. கடைசியில், "நீங்க சொல்றது எனக்குப் புரியல. ஆனா உங்களுக்கும் புரியலங்கிறது புரியுது" என்றார். கோபப்படாமல்தான் சொன்னார். எழுந்து போகும்போது, "எங்க அம்மாவும் உங்க தெருவுக்கு அடுத்த தெருதாங்க. முட்டி வலியோட லாரிக்கு நிக்குறாங்க" என்றார்.

ஏப்ரல் 22

கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். "நினைக்கிறேன்" என்றே எழுதிவைக்கிறேன்.

வாலை விட்டுவிட்டு, மரபணு பிரித்த இரண்டு கூட்டத்தையும் தனித்தனித் தட்டில் வைத்துத் தலையிலிருந்து தொடங்கினேன். மீசை, தாடை, பிடிகால் எல்லாம் ஒன்றுபோல. வயிற்றுக்குப் பக்கத்தில் மூன்று தகடு தொங்கும். அதில் மூன்றாவதின் பின்மூலை, முதல் கூட்டத்துக்கு உருண்டை. இரண்டாவதுக்கு முள் மாதிரி கூர். சின்னதோ பெரியதோ, ஆணோ பெண்ணோ, ஒன்றுகூடத் தப்பவில்லை. இத்தனை வருஷமாக எல்லோரும் வாலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

பிறகு போத்தல்களைப் பார்த்தேன். உருண்டை எல்லாம் குட்டையிலிருந்தும் ஓடையிலிருந்தும். அது எங்கும் இருக்கிற சாதாரணக் கூனி. கூர் அத்தனையும் மேல் கசிவிலிருந்து மட்டும்.

ஆக, ஊற்றுக்கென்று ஒரு கூனி இருக்கிறது. அதுதான் என் பெயருள்ளதா? அதைச் சொல்ல ஒரே வழி மூலமாதிரி. ஒரு இனத்துக்குப் பெயர் வைக்கும்போது ஒரே ஒரு உடலை அடையாளமாக ஒதுக்கி வைப்போம். அந்த உடல் எந்தக் கூட்டமோ, பெயர் அந்தக் கூட்டத்துக்குத்தான். வாதாட இடமில்லை. அது முன்னவர் வேலை பார்க்கும் அருங்காட்சியகத்தில், ஸ்பிரிட்டில் கிடக்கிறது.

ஏப்ரல் 24

கூப்பிட்டுச் சொன்னேன். மூலமாதிரியை அனுப்பக் கேட்டேன். "நானே கொண்டு வரேன். தபால்ல வேண்டாம்" என்றார்.

ஏப்ரல் 28

நாளைக்கு வருகிறார். சேலை எடுத்து வைத்தேன், மறுபடி மடித்து உள்ளே வைத்தேன். சேலையா! வேலைக்குப் போகும்போது என்ன உடுத்துவேனோ அது.

ஏப்ரல் 29

தலைமுடி நரைத்திருக்கிறது. காதோரம்தான். இயக்குநர் கையைக் குலுக்கிவிட்டு, அவசர வேலை என்று எழுந்து போனார். பக்கத்து மேசைக்காரியும் எங்கோ மாயமானாள். எல்லோருமாகச் சேர்ந்து எங்களைத் தனியாக விட்டதுதான் வெட்கமாக இருந்தது.

பஞ்சில் சுற்றிய குப்பியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்த உடலைப் பார்க்கிறேன். வெளுத்து, சுருண்டு. தட்டில் வைத்து, முதலில் அவர் நுண்ணோக்கியில் குனிந்தார். நெடுநேரம் குனிந்தே இருந்தார். திருகைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"என்ன தெரியுது?"

தட்டை லேசாகத் திருப்பி மறுபடி குனிந்தார்.

"தள்ளு, நான் பாக்குறேன்" என்றேன். தள்ளு! வாயில் வந்துவிட்டது. அவரும் கவனித்தார், நாற்காலியை நகர்த்தினார்.

உருண்டை. கொஞ்சமும் சந்தேகமில்லாத உருண்டை. சாதாரணக் கூனி.

"வால்கால் ஸ்லைடு இருக்கா?" என்றேன். இருந்தது. வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தேன். குட்டையான கிளையின் அடியில் ஒரு தழும்பு வளையம். அவரைப் பார்க்க விட்டேன்.

"ஒடிஞ்சு முளைச்ச காலு," என்றார் மெதுவாக. "மறுபடி முளைச்சது. அதனாலதான் குட்டை. எனக்கு அன்னிக்குத் தெரியல."

"நானும்தான் பக்கத்துல இருந்தேன். எனக்கும் தெரியல."

"உனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு. ஒரு தடவை சொன்ன. நான் காதுலயே வாங்கல."

எனக்கு அப்படி எதுவும் ஞாபகம் இல்லை. நிஜமாகவே சொன்னேனா? அவர் தன்னையே குறை சொல்லிக்கொள்ள ஒரு காரணம் தேடுகிறாரா? கேட்கவில்லை. "பேரு போச்சு," என்றார். "ம்" என்றேன். கூட வாழ்ந்தவன் போனபோது அழாதவள், ஒரு லத்தீன் வார்த்தை போனதுக்கா மூக்கை உறிஞ்சுவேன்?

உறிஞ்சினேன்.

மே 2

முன்னவர் கூப்பிட்டார். ஒரு யோசனையாம். கசிவில் இருக்கிற கூர்மூலைக் கூனிக்கு இப்போது பெயரே இல்லை. யாராவது வைக்க வேண்டும். "அதுக்கு உன் பேரையே வெச்சிரலாம். ஆனா நீ எழுதினா உன் பேரை நீயே வைக்க முடியாது, நல்லாருக்காது. நான் தனியா எழுதுறேன். போனதைத் திருப்பிக் கொடுத்த மாதிரி இருக்கும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மே 3

திருப்பிக் கொடுக்கிறாரா, எடுத்துக்கொள்கிறாரா?

மூலையைக் கண்டது நான். மாதக்கணக்கில் குனிந்து முதுகு ஒடிந்தது நான். அவர் தனியாக எழுதினால் கண்டுபிடிப்பு அவருடையது, பெயர் மட்டும் என்னுடையது. முதல் தடவையும் அப்படித்தானே? வலையில் பிடித்தது நான். அன்றைக்கு எனக்கு அது தோன்றவே இல்லை, சந்தோஷத்தில் மிதந்தேன்.

ஆனால் அவர் குரலில் சூது இல்லை. எனக்குத் தெரியும் அந்தக் குரல். நிஜமாகவே நல்லது செய்வதாகத்தான் நினைக்கிறார். அதுதான் குழப்பம். கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபம்.

மகளிடம் கேட்டேன். "உனக்கு எது வேணும்? கூனி உன் பேரோட இருக்கணுமா, கட்டுரை உன் பேரோட இருக்கணுமா?" என்றாள். இவ்வளவுதானா கேள்வி? இதற்கா இரண்டு நாள்?

மே 4

கூப்பிட்டேன். "நான் எழுதுறேன். மூலமாதிரியைப் பார்த்த பகுதி நீ எழுது. உன் பேர் ரெண்டாவது வரும். கூனிக்கு என் பேர் வேண்டாம்."

"கோவமா?" என்றார்.

"இல்ல."

"அப்ப ஏன்?"

"நான்தானே கண்டுபிடிச்சேன்?"

"ஆமா," என்றார். உடனே சொல்லவில்லை. ஆனால் சொன்னார். "ஆமா. நீதான்."

மே 19

கூட்டம். இயக்குநர், இன்ஜினியர், எங்கள் தெருக்காரர்கள், எதிர்வீட்டு அக்காவும். பட்டியலில் இருக்கிற பெயர் செல்லாது என்றேன். ஒரே கைதட்டல். மேல் கசிவில் வேறொரு இனம் இருக்கிறது, அது வேறெங்கும் கிடைக்கவில்லை என்றேன். கைதட்டல் நின்றது. இன்ஜினியர் தலையைச் சொறிந்தார். "அப்ப கசிவைத் தொடாம, கீழ குட்டைல இருந்து எடுத்தா?"

"குட்டைல இருக்கிறது எல்லா ஓடையிலயும் இருக்கு. எடுக்கலாம்."

கசிவையே மூடித் தொட்டி கட்டினால் நாள் முழுக்கத் தண்ணீர் வந்திருக்கும். குட்டையிலிருந்து எடுத்தால் காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம். அதற்குத்தான் ஒத்துக்கொண்டார்கள். வெளியே வரும்போது எதிர்வீட்டு அக்கா, "உன் கூனி நாள் பூரா குளிக்கும், நாங்க நேரம் பாத்துக் குளிக்கணும்" என்றாள். அதோடு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அவள் சொன்னதில் தப்பு என்ன இருக்கிறது என்றும் தெரியவில்லை. இன்ஜினியரின் அம்மா முட்டியை நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

ஜூலை 8

காலைத் தண்ணீர் வந்துவிட்டது. கட்டுரையும் இதழுக்குப் போய்விட்டது. கூனிக்கு, கூர்மூலை என்று பொருள் வருகிற லத்தீன் பெயர். யாருடைய பெயரும் இல்லை. பக்கத்து மேசைக்காரி, "சப்புன்னு இருக்கு அக்கா" என்றாள்.

செப்டம்பர் 14

கட்டுரை அச்சில் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை. வேறொரு மலைப்பக்கத்து ஓடையிலிருந்து யாரோ அனுப்பிய கூனிகளைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, வீட்டு நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தேன். மகளை ஒரு வாரத்துக்கு அழைத்துப் போக முன்னவர் வந்தார். அவள் துணி எடுத்து வைக்கிறவரை டீ போட்டுக் கொடுத்தேன். எதிரே உட்கார்ந்தார். கட்டுரை நன்றாக வந்திருக்கிறது என்றார். தன் அருங்காட்சியகத்தில் பல் டாக்டர் ஒருத்தியோடு பழக்கமாம், விலங்குகளின் பல்லைப் பார்க்க வந்தவளாம், அடுத்த வருஷம் கல்யாணமாக இருக்கலாம் என்றார். "நல்லவங்களா?" என்று கேட்டேன். "நல்லவ" என்றார். சந்தோஷம் என்றேன்.

அப்போது தட்டில் ஒன்றின் பிடிகால் விசித்திரமாகத் தெரிந்தது. அதன் உள்ளங்கை சரிவாக இருக்க வேண்டிய இடத்தில் நேராக வெட்டினாற்போல. இன்னொன்றை எடுத்தேன். அதுவும். பிறகு ஒரு ஆண், பிறகு முட்டையுள்ள ஒரு பெண். இது என்ன புதுக் கூத்து? மீசையை எண்ணினேன், மறுபடி பிடிகாலுக்கு வந்தேன்.

நிமிர்ந்தபோது கழுத்து வலித்தது. வீட்டில் சத்தமில்லை. மகளின் செருப்பு வாசலில் இல்லை. அவள் சொல்லிக்கொண்டுதான் போயிருப்பாள், நானும் "ம்" கொட்டியிருப்பேன். அவர் எப்போது எழுந்தார் என்று தெரியவில்லை. டீக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

வெளிச்சம் குறைந்துவிட்டது. விளக்கைப் போட்டுக்கொண்டு அடுத்த கூனியை எடுத்தேன்.